பணம் கட்டுபவருக்கும் மரியாதை உண்டு

கசினோவிலும் பந்தய நிலையத்திலும் வாடிக்கையாளரை ஏசி அனுப்பும் வழக்கத்துக்கு, புதிய சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை முடிவுகட்ட வேண்டும்.

2025 ஆகஸ்டில் இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், குதிரைப் பந்தயம், சூதாட்டம் பற்றிய பழைய கட்டளைச் சட்டங்களையும் 2010ஆம் ஆண்டின் கசினோ சட்டத்தையும் நீக்கி, இத்தொழிலை ஒரே அதிகாரசபையிடம் ஒப்படைக்கிறது. அதே மாதத்தில் கொழும்பில் சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் என்ற கசினோ விடுதி திறக்கப்பட்டது. வருமானத்தையும் சுற்றுலாவையும் பற்றியே பேச்சு.

ஆனால் கண்டியில் சாதாரண மக்கள் அறிந்தது அந்தக் கசினோ மண்டபங்களை அல்ல, நகரத்துப் பந்தய நிலையங்களை. இங்கிலாந்தில் ஓடும் குதிரைமீது நாட்கூலியைக் கட்டியவர், பந்தயத் துண்டை நீட்டி, தொகை ஏன் குறைந்தது என்று கேட்கிறார். கம்பிவலைக்கு அப்பாலிருந்து “எடுத்துக்கொண்டு போ” என்று அதட்டல் வருகிறது. பின்னால் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவரும் வாய் திறப்பதில்லை. சூதாடப் போனவனுக்கு மானம் எதற்கு என்ற எண்ணம் ஊரிலேயே ஊறிப்போயிருக்கிறது. அதை ஏற்க முடியாது. சூதாட்டத்தை நாம் ஆதரிக்கவில்லை. ஆயினும் அரசு அனுமதிப்பத்திரம் வழங்கி வரி அறவிடும் தொழிலில், உள்ளே வருபவரை அவமதிக்க எவருக்கும் உரிமையில்லை. தோற்றுக்கொண்டிருப்பவரைத் திட்டாமல் தடுத்து நிறுத்த ஊழியருக்குப் பயிற்சியும் வேண்டும்.

கொடுப்பனவு விதிகளும் முறைப்பாட்டு இலக்கமும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் கவுண்டரிலேயே ஒட்டப்பட வேண்டும். முறைப்பாட்டோடு கொழும்புக்கு அலையவிடாமல், கண்டியிலேயே அதிகாரி ஒருவர் அமர்த்தப்பட வேண்டும். திரும்பத் திரும்பக் குற்றம் நிரூபணமாகும் நிலையத்தின் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கக் கூடாது.