மலையிலிருந்து கப்பல் வரை: அளப்பது யார்?

நாம் பறிக்கும் கொழுந்து தூளாகி, கொழும்பில் ஏலம் போய், கப்பலேறிப் பிற நாடுகளுக்குச் செல்கிறது. இப்படிச் சரக்குகளை அனுப்புவதிலும் பெறுவதிலும் எந்த நாடு திறமையானது என்று உலக வங்கி புள்ளி போடுகிறது. 2007 முதல் வெளிவரும் இந்தச் சுட்டெண்ணில் ஆகக்கூடிய புள்ளி 5. 2023இல் கணக்கெடுத்த 139 நாடுகளில் சிங்கப்பூர் 4.3 புள்ளியுடன் முதலிடம். இந்தியா 38ஆம் இடம். இலங்கை 2.8 புள்ளியுடன் 73ஆம் இடம்.

தோட்டத் தொழிலாளிக்கு இதில் என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது.

ஆறு விடயங்களை வைத்துத்தான் புள்ளி போடுகிறார்கள். சுங்க வேலை விரைவாக நடக்கிறதா? துறைமுகமும் வீதியும் நன்றாக உள்ளனவா? கப்பலில் அனுப்பும் செலவு கட்டுப்படியாகுமா? அனுப்பும் நிறுவனங்கள் திறமையானவையா? சரக்கு இப்போது எங்கே இருக்கிறது என்று அறிய முடிகிறதா? சொன்ன நாளில் போய்ச் சேர்கிறதா? பதில் சொல்பவர்கள் சரக்கு அனுப்பும் தொழிலில் உள்ளவர்கள். ஒரு கொள்கலன் ஏற்றுமதித் துறைமுகத்துக்குள் நுழைந்து, இறக்குமதித் துறைமுகத்தை விட்டு வெளியேறச் சராசரியாக 44 நாள் ஆகிறது என்றும், பெரிய தாமதங்கள் துறைமுகம் போன்று சரக்கு கைமாறும் இடங்களில்தான் என்றும் அதே அறிக்கை கூறுகிறது.

கைமாறும் இடத்தில் தாமதம் என்பது நமக்குப் புதிதல்ல. கூடையிலிருந்து சாக்குக்கு, சாக்கிலிருந்து தராசுக்கு, தராசிலிருந்து லொறிக்கு என்று கொழுந்தும் கைமாறுகிறது. லொறி பிந்தினால், இறுக்கி அடைத்த சாக்குக்குள் கொழுந்து சூடேறிச் சிவக்கிறது. அந்தக் கொழுந்தில் நல்ல தூள் வராது. ஏலத்தில் விலை இறங்கும். பிறகு பழி யார் தலையில் விழுகிறது? "கொழுந்து சரியில்லை" என்று பறித்தவர் தலையில். 2022இல் டீசலுக்கு வாகனங்கள் வரிசையில் நின்ற நாட்களை நாம் மறக்கவில்லை. குண்டும் குழியுமான தோட்டப் பாதை இன்றும் மாறவில்லை.

வாங்குபவர் தன் கொள்கலன் எந்தக் கடலில் போகிறது என்று கைத்தொலைபேசியிலேயே பார்க்கிறார். பறித்த அக்காவுக்கோ, மலையில் நிறுத்த தன் கொழுந்து தொழிற்சாலைத் தராசில் எத்தனை கிலோ காட்டியது என்பது தெரியாது. ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்தது எவ்வளவு, அது சரிதானா என்றும் தெரியாது. சில கிலோ குறைந்ததால் அரைப்பேர் விழுந்த நாட்கள் எத்தனை!

சம்பளப் பேச்சுவார்த்தை வரும்போதெல்லாம் உற்பத்திச் செலவு கூடிவிட்டது என்கிறார்கள். கூடியிருக்கலாம். ஆனால் அந்தச் செலவில் பிந்தி வந்த லொறிக்கு எவ்வளவு, பாதைக்கு எவ்வளவு, துறைமுகத்தில் காத்திருந்ததற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டட்டும். உலக வங்கியின் 44 நாள் கணக்கு துறைமுக வாசலில்தான் தொடங்குகிறது. மலையில் நடப்பதை நாம்தான் எழுத வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி வாங்கட்டும். நிறுத்த நேரம், லொறி வந்த நேரம், மலையில் நிறை, கழித்த கிலோ ஆகிய நான்கையும் தினமும் குறியுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், அவர்கள் உதவட்டும். தொழிற்சாலை நிறையை எழுத்தில் தரும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் அவர்களுடைய கணக்கு மட்டும் இருக்கக் கூடாது. நமது கொப்பியும் இருக்க வேண்டும்.