பத்தே முக்கால் கோடி தண்டமா?

ஏற்காடு ஏரிக்கரை டீக்கடையில் ஐபிஎல் பேச்சை எடுத்துப் பாருங்கள். மலைக்குக் கீழே, அதே சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் தலைதான் உருளும். 'பத்தே முக்கால் கோடி தண்டம்ப்பா, கழட்டி விடணும்!'

யார் வீட்டுக் காசு சார் அது? 2024 நவம்பர் ஏலத்தில் விலையை ஏற்றியவர்கள் முதலாளிகள். 2025 சீசனில் டெல்லி அவரை இறக்கியது 2 மேட்ச். கையில் பந்தைக் கொடுக்காமலே 'சரியா போடலை' என்பது எந்த ஊர் நியாயம்?

2017-லும் இதே கதைதான். பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. 6 மேட்ச், 2 விக்கெட், போய் வா என்றது. மறுவருஷம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து, இரண்டு சீசன் ஒரு மேட்ச்கூடத் தராமல் உட்கார வைத்தது. 2020-ல்தான் பந்து கைக்கு வந்தது. யார்க்கர் யார்க்கராக இறக்கி 16 விக்கெட்! அந்த டிசம்பரிலேயே கான்பராவில் இந்தியாவுக்கு ஒருநாள் போட்டி, ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட்.

சேர்வராயன் மலையில் காப்பி போட்டவரைக் கேளுங்கள். செடி காய்க்கவே மூன்று நான்கு வருஷம் ஆகும் என்பார். முதல் வருஷமே பிடுங்கினால் அவரை ஊர் என்ன சொல்லும்?

'அவர் இளங்கன்று இல்லையே, முட்டியில் ஆபரேஷன் வேறு' என்பீர்கள். சரி. நானும் பி.காம். படித்தவன்தான், தேய்மானக் கணக்கு தெரியும். 2024-ல் 19 விக்கெட் எடுத்த ஆள் ஒரே வருஷத்தில் பழைய இரும்பாகிவிடுவாரா? 'ஏம்ப்பா இறக்கலை?' என்று டெல்லி கோச்சைக் கேட்க மட்டும் ஏன் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை?