வயிறு கிழிக்கப்பட்ட வானொலிகள்



பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் சில உணவகங்களில் பழைய வானொலிப் பெட்டிகள் அலங்காரமாக வீற்றிருக்கக் கண்டிருப்பீர்கள். பின்பலகையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வெறுமைதான். வேறு சிலர் வால்வுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புளூடூத் ஒலிபெருக்கியைப் பொருத்தி, 'புதுப்பித்தது' என்று விற்கிறார்கள். இதுவா புதுப்பித்தல்? குடலை உருவிவிட்டுத் தோலை மட்டும் வைத்திருப்பதற்குத் தமிழில் வேறு பெயர் உண்டு!

மலாயா வானொலி 1946 ஏப்ரல் முதல் நாள் தொடங்கியது. அந்நாளில் பல தோட்டங்களின் லயன் வீடுகளுக்கு மின்சாரம் எட்டவில்லை. மின்கலத்தால் இயங்கும் வால்வு வானொலியே அங்கு உலகச் செய்தியைக் கொண்டுசேர்த்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், பலர் கூடிக் கேட்பதற்கென்று அரசே தோட்டங்களில் வானொலிப் பெட்டிகளை வைத்தது. இது நமக்கு மட்டும் உரிய கதையன்று. இன்று சாம்பியா எனப்படும் வட ரொடீசியாவில் 1949இல் எளிய மக்களுக்கென்றே இத்தகைய பெட்டியைச் செய்தனர். அதன் வட்ட வடிவைக் கண்டு 'சட்டி வானொலி' என்று அழைத்தனர். பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது. வால்வுப் பெட்டிகள் பரணுக்குப் போயின.

அந்தப் பெட்டியில் என்னதான் இருக்கிறது? பெரும்பாலும் நான்கே வால்வுகள். டி.கே.91, டி.எஃப்.91, டி.ஏ.எஃப்.91, டி.எல்.92 என்பது பரவலான வரிசை. அவற்றின் இழைகளைச் சூடேற்ற 1.5 வோல்ட் மின்கலம். மின்னோட்டத்தை இழுக்க 90 வோல்ட் மின்கலம். 90 வோல்ட் மின்கலம் இன்று கடையில் கிடைக்காது. ஆனால், பத்து 9 வோல்ட் மின்கலங்களைத் தொடராக இணைத்தால் அது தயார்! இழைகளோ பெரும்பாலான பெட்டிகளில் இணையாகப் பிணைக்கப்பட்டிருக்கும். ஆசிரியர்களே, தொடர் மின்சுற்றையும் இணை மின்சுற்றையும் ஒரே பெட்டியில் காட்ட இதைவிடச் சிறந்த பாடத்துணைப் பொருள் உண்டா?

மெழுகுக் காகித மின்தேக்கிகள் காலப்போக்கில் கசியும். அவற்றை மாற்றிவிட வேண்டும். 90 வோல்ட் தவறுதலாக இழைக்குச் சென்றால் நான்கு வால்வுகளும் நொடியில் எரிந்துபோகும். ஆகவே, அந்தப் பகுதியை ஆசிரியரே கையாள வேண்டும், 1.5 வோல்ட் பகுதி போதும் மாணவருக்கு. என் அனுபவத்தில், பழுதான இழையை அளவுமானியால் தானே கண்டுபிடித்த மாணவன் அப்பாடத்தை மறப்பதில்லை.

"தேர்வுக்கு இது உதவுமா?" என்று பெற்றோர் கேட்கலாம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது. தேர்வு போன பிறகும் தேர்வுப் பயம் மட்டும் போகவில்லையென்றால், குறை யாரிடம்?

"இப்போது அதில் என்ன கேட்கும்? தமிழ் வானொலி பண்பலையில் அல்லவா ஒலிக்கிறது?" என்பது அடுத்த கேள்வி. உண்மைதான், பண்பலை அதில் எடுக்காது. எனினும், இரவானால் மத்திய அலையில் தொலைதூர நிலையங்கள் மிதந்து வரும். ஏன் இரவில் மட்டும் என்று பிள்ளை கேட்பான். அந்தக் கேள்விக்காகத்தானே பள்ளிக்கூடம் நடத்துகிறோம்?

பழைய பெட்டிகளை வழிபடச் சொல்லவில்லை. பேசவல்ல ஒன்றை ஊமையாக்கி, அதற்குப் பாரம்பரியம் என்று பெயர் சூட்டாதீர்கள் என்கிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயன்கள் இடிந்தன. எஞ்சியவற்றையும் நம் கையாலேயே வெறுங்கூடாக்கினால், நாளை பிள்ளைகளிடம் எதைக் காட்டுவோம்?

தாத்தாவின் பெட்டி வீட்டில் இருந்தால், பழைய சாமான் வாங்குபவரிடம் கொடுக்குமுன் உங்கள் பிள்ளையின் அறிவியல் ஆசிரியரிடம் ஒரு சொல் கேளுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்!