ஸ்பீக்கரை மாற்றும் முன் சத்தத்தைக் கேளுங்கள்

கம்ப்யூட்டரில் பாட்டுப் போட்டால் பாட்டுடன் சேர்ந்து 'உஸ்ஸ்' என்ற இரைச்சலோ, கடுகு வெடிப்பது போன்ற சத்தமோ வருகிறதா? பெரும்பாலானவர்கள் உடனே புதிய ஸ்பீக்கர் வாங்குவார்கள். சத்தம் போகாவிட்டால் சவுண்ட் கார்டு. அதற்கும் மசியாவிட்டால் மதர்போர்டு. இது தவறான வழி என்பது என் கருத்து. என்ன கோளாறு என்பதைச் சத்தமே சொல்லிவிடும். அதைக் காது கொடுத்துக் கேட்காமல் பொருள் வாங்கினால் பணம்தான் வீண்.

நான் சாஃப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன். இருந்தும் இதே தவறைச் செய்தேன். ஊரில் எங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் 'உர்ர்' என்ற சத்தமும், நடுநடுவே வெடிக்கும் சத்தமும் வந்தன. "ஸ்பீக்கரை மாத்திடுங்கப்பா" என்று அப்பாவிடம் போனில் சொன்னேன். மாற்றினார். சத்தம் போகவில்லை. சர்வீஸ் கடையில் சவுண்ட் கார்டு போடச் சொன்னார்கள். போட்டோம். அப்போதும் போகவில்லை.

"பெட்டியைத் தொட்டா கை சுர்ருங்குதுடா" என்று அம்மா பல முறை சொல்லியிருந்தார். "அது ஒண்ணும் இல்லம்மா" என்று தட்டிக் கழித்தேன். விடுமுறைக்குப் போய் கேபினட்டில் நானே கை வைத்தபோது எனக்கும் சுர்ரென்றது. கை பட்டதும் 'உர்ர்' சத்தமும் மாறியது. எலக்ட்ரீஷியனை அழைத்தோம். சுவிட்ச் போர்டைக் கழற்றினால், சாக்கெட்டின் எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை!

இதன் காரணம் எளிமையானது. கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை மின்சாரத்தின் ஒரு துளியை எர்த் வழியே அனுப்புகின்றன. எர்த் இல்லாவிட்டால், நம் 230 வோல்ட்டில் சுமார் பாதி கேபினட்டில் வந்து நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு போய்விடுகிறது. ஆனால் பவர் சப்ளைக்குள் இன்சுலேஷன் பழுதாகி முழு மின்சாரமும் கேபினட்டில் இறங்கினால், அது தரைக்குப் போக நம் உடம்புதான் வழி. அந்த 'உர்ர்' சத்தம் எங்களுக்கு வந்த எச்சரிக்கை. நானோ அதற்கு ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தேன்!

எர்த் சரியாக இருக்கும் வீட்டிலும் இந்த 'உர்ர்' வரலாம். கம்ப்யூட்டர் ஒரு சாக்கெட்டிலும் ஆம்ப்ளிஃபயர் வேறொரு சாக்கெட்டிலும் இருந்தால், இரண்டின் எர்த்துக்கும் இடையே உள்ள சிறு வித்தியாசம் ஆடியோ ஒயரில் புகுந்துவிடும். சிலர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்வார்கள். சத்தம் போகலாம், ஆனால் பாதுகாப்பும் சேர்ந்து போய்விடும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இரண்டையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகுங்கள். அப்படியும் போகாவிட்டால், ஆடியோ ஒயரின் நடுவே போடும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் கடைகளில் கிடைக்கிறது.

எர்த் போட்ட பிறகு எங்கள் வீட்டில் 'உர்ர்' நின்றது. வெடிக்கும் சத்தம் மட்டும் நிற்கவில்லை. அது வேறு கோளாறு. சிடி தரத்தில் ஒரு வினாடி இசை என்பது ஒவ்வொரு சேனலுக்கும் 44,100 எண்களின் வரிசை. விண்டோஸ் அதை வழக்கமாக 10 மில்லி வினாடித் துண்டுகளாக அனுப்புகிறது. ஏதாவது ஒரு டிரைவர் பிராசஸரைப் பிடித்து வைத்துக்கொண்டால் அடுத்த துண்டு தாமதமாகும். அந்த இடைவெளிதான் நம் காதில் வெடிக்கிறது. எந்த டிரைவர் தாமதம் செய்கிறது என்பதை லேட்டன்சிமான் என்ற மென்பொருள் காட்டிவிடும். எங்கள் கம்ப்யூட்டரில் வைஃபை டிரைவர். அதைப் புதுப்பித்ததும் சரியானது. விண்டோஸ் 11 பயன்படுத்துபவர்கள் சவுண்ட் செட்டிங்கில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் வசதியையும் ஆஃப் செய்து பாருங்கள்.

விடாமல் வரும் 'உஸ்ஸ்' மூன்றாவது ரகம். விண்டோஸில் வால்யூமைக் குறைத்து, ஸ்பீக்கர் குமிழை முழுவதும் திருகி வைத்திருந்தால் இது வரும். மாற்றிச் செய்யுங்கள்: விண்டோஸில் 80 வரை ஏற்றி, குமிழைக் குறையுங்கள். கேபினட்டின் முன்பக்க ஜாக்கில் செருகியிருந்தால் பின்பக்கப் பச்சை ஜாக்குக்கு மாற்றுங்கள். முன்பக்க ஒயர் கேபினட்டுக்குள் நீண்டு வருவதால் இரைச்சலை எளிதில் வாங்கிக்கொள்ளும்.

ஸ்பீக்கரே பழுதாவதும் உண்டு, மறுக்கவில்லை. அதை அறிய ஐந்து நிமிடம் போதும். அதே ஸ்பீக்கரை மொபைல் போனில் செருகுங்கள். அதிலும் சத்தம் வந்தால் ஸ்பீக்கரை மாற்றலாம். வராவிட்டால் கோளாறு கம்ப்யூட்டர் பக்கம். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் உடனே நின்றால் கோளாறு மின் இணைப்பு வழியே வருகிறது.

இந்தச் சோதனைகளுக்குச் செலவு எதுவும் இல்லை. முடித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஆனால் கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று வீட்டில் யாராவது சொன்னால், பாட்டு கேட்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டரை ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.