'லாக் அடிக்குது' என்பது நோயின் பெயர் அல்ல

"அக்கா, கேம் லாக் அடிக்குது. ஒருக்கா வந்து பாக்கிறீங்களா?"

சின்னம்மாவின் மகனிடமிருந்தோ அவனுடைய ரியூசன் நண்பர்களிடமிருந்தோ மாதத்துக்கு இரண்டு தரமாவது இந்த அழைப்பு வரும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "லாக் எண்டால் என்ன?" மறுமுனையில் அமைதி. லாக் எண்டால் லாக்தானே!

அப்படியில்லை. ஒருவனுக்கு ஒன்லைன் கேமில் சுட்டு அரைச் செக்கனுக்குப் பிறகுதான் எதிராளி விழுகிறான். அது இணைய இணைப்பின் கோளாறு. இன்னொருவனுக்குத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை படம் மாட்டுவண்டி வேகத்தில் ஓடுகிறது. அது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் பலம் போதாமை. மூன்றாமவனுக்கு அரை மணித்தியாலம் எல்லாம் ஒழுங்காக ஓடி, பிறகுதான் இழுக்கத் தொடங்குகிறது. அது சூடாக இருக்கலாம். நாலாமவனுக்கு வேகமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இடையிடையே ஒரு கணம் படம் அப்படியே நின்று, பிறகு பாய்ந்து ஓடுகிறது. இதைத்தான் ஆங்கிலத்தில் ஸ்டட்டர் என்கிறார்கள். நான் திக்கல் என்று எழுதுகிறேன். இந்த நாலுக்கும் நாங்கள் வைத்திருப்பது ஒரே சொல். டொக்டரிடம் போய் "சுகமில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

நோய்க்கு ஒரே பெயர் என்றால் மருந்தும் ஒன்றாகத்தான் இருக்கும். "கார்டை மாத்துங்கோ."

எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். வீட்டில் இருக்கும் கொம்பியூட்டர் அண்ணா பிரான்சுக்குப் போக முதல் சேர்த்துக் கட்டியது. நாலு கோர் ப்ராசசர், 4 ஜீ.பி. கொண்ட ஜீ.டி.எக்ஸ் 1650 கார்ட், 8 ஜீ.பி. ரேம், ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். அதில் நான் விளையாடியது தி விட்சர் 3. போலந்து எழுத்தாளர் அன்ட்ரேய் சப்கோவ்ஸ்கியின் நாவல்களிலிருந்து பிறந்த கேம். 2015இல் வந்தது. கதைக்காக விளையாடுகிறவர்களுக்கு இன்னமும் அலுக்காதது. (இலக்கியம் படிக்கிறவள் கேம் விளையாடுறாளா எண்டு கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவது.) 2022 டிசம்பரில் அதற்கு ஒரு பெரிய இலவச அப்டேட் வந்தது. அதைப் போட்ட பிறகு நொவிகிராட் நகரத்துக்குள் குதிரையோடு நுழைந்தால் பத்தடிக்கு ஒரு திக்கல்.

தம்பியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கேள்வி கேட்டது நான். கடைக்கார அண்ணா பதில் சொன்னது பதினைந்து வயதுத் தம்பிக்கு. "உது பழைய கார்ட் தம்பி. இப்பத்தைய கேமுக்கு உது காணாது." விலை ஒரு லட்சத்துக்கு மேல். 200 ரூபாவளவில் இருந்த டொலர் 360ஐத் தொட்டுவிட்டு வந்திருந்த காலம். மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் ஒருமுறை, 2023 பெப்ரவரியில் மறுமுறை என்று ஏறியிருந்தது. அண்ணாவுக்கு வாட்ஸ்அப்பில் கேட்க வேண்டியதுதான் மிச்சம். கேட்டால் அனுப்பியிருப்பான். பாரிசில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறவன் அவன். மெசேஜை எழுதிவிட்டு அழித்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது இன்னும் பெரிய முட்டாள்தனம். யூடியூபில் "எஃப்.பி.எஸ். கூட்டும் 15 வழிகள்" வகை வீடியோக்களைப் பார்த்து, பதினைந்தையும் ஒரே பின்னேரத்தில் செய்தேன். விண்டோஸின் உள்ளே கைவைத்து எதையெதையோ நிறுத்தினேன், யாரோ செய்த பூஸ்டர் ஒன்றையும் போட்டேன். திக்கல் அப்படியே இருந்தது. ப்ரிண்டர்தான் வேலை செய்யாமல் போனது. அடுத்த நாள் அசைன்மென்ட் ப்ரிண்ட் எடுக்க வேண்டும். கடைசியில் விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்ற சாதாரண புத்தி வர எனக்கு ஒரு கிழமை போனது.

விசயம் எங்கே இருக்கிறதென்றால், நாங்கள் எல்லோரும் பார்க்கும் எஃப்.பி.எஸ். என்ற அந்த எண் திக்கலைக் காட்டாது. ஒரு செக்கனுக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 16.7 மில்லிசெக்கன் கிடைக்கிறது. இப்படி யோசியுங்கள்: 59 ஃப்ரேம்கள் 15 மில்லிசெக்கனில் வருகின்றன, ஒரே ஒரு ஃப்ரேம் மட்டும் 115 மில்லிசெக்கன் எடுக்கிறது. கூட்டினால் சரியாக ஆயிரம். மூலையில் 60 என்றுதான் காட்டும். ஆனால் அந்த ஒரு ஃப்ரேமில் படம் நின்று போனதை உங்கள் கண் பார்த்துவிட்டது. சராசரி எப்போதும் இப்படித்தான். 2011இல் த டெக் ரிப்போர்ட் தளத்தில் ஸ்கொட் வாசன் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான், செக்கனுக்கு எத்தனை ஃப்ரேம் என்பதை விட்டுவிட்டு ஒவ்வொரு ஃப்ரேமும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று அளக்கும் பழக்கம் விமர்சகர்களிடையே பரவியது.

இந்த அளவை வீட்டிலேயே எடுக்கலாம், காசு தேவையில்லை. எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர், அதோடு சேர்ந்து வரும் ரிவாட்யூனர் இரண்டையும் போட்டால், கேம் ஓடும்போதே திரையின் மூலையில் ஃப்ரேம் நேரத்தை ஒரு கோடாகக் காட்டும். கோடு மட்டமாகப் போனால் சுகம். ஈசிஜி மாதிரி குத்தாக எழும்பினால் அதுதான் திக்கல். பக்கத்திலேயே கார்டின் பாவனை, ப்ராசசரின் பாவனை, ரேம், சூடு எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளலாம். பிறகு செய்ய வேண்டியது வாசிப்பு மட்டும்தான். கோடு குத்தும் அந்தக் கணத்தில் வேறு எது மாறுகிறது?

கார்ட் எந்நேரமும் 98, 99 வீதத்தில் நின்றால், கடைக்கார அண்ணா சொன்னது சரி, கார்டின் எல்லை அதுதான். அப்போதும் முதலில் செட்டிங்ஸைக் குறைத்துப் பார்க்கலாம். ஆனால் கோடு குத்தும்போது கார்டின் பாவனை தடாலென்று கீழே விழுந்தால், கார்ட் வேலை இல்லாமல் யாருக்கோ காத்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். காத்துக்கொண்டு நிற்கும் ஒருவரை விலத்திவிட்டு அதைவிடக் கெட்டிக்காரர் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் அவரும் காத்துக்கொண்டுதான் நிற்பார்.

என்னுடையதில் கார்ட் நொவிகிராட்டுக்குள் 50, 60 வீதத்துக்கு மேல் போகவே இல்லை. ரேம் முட்டி வழிந்துகொண்டிருந்தது, ஹார்ட் டிஸ்க் 100 வீதத்தில் நின்றது. ரேமில் இடமில்லாவிட்டால் விண்டோஸ் கொஞ்சத்தை டிஸ்க்குக்குத் தள்ளிவிடும். சுற்றும் ஹார்ட் டிஸ்க் ஒன்று ஒரு தகவலைத் தேடிப் பிடிக்கவே பத்து மில்லிசெக்கன் அளவில் எடுக்கும், உங்களிடம் ஃப்ரேமுக்கு இருப்பதோ 16.7. பின்னால் குரோமில் அசைன்மென்டுக்காகத் திறந்த இருபத்திச் சொச்சம் டப்கள் வேறு. வெட்கம்தான். அவற்றை மூடியதும் கொஞ்சம் குறைந்தது.

டாஸ்க் மனேஜரில் பெர்போமன்ஸ் பக்கத்தில் மெமரியை அழுத்தினால் எத்தனை ஸ்லொட் பாவனையில் இருக்கிறது என்று காட்டும். எனக்கு இரண்டில் ஒன்று. ரேமை ஒற்றையாகப் போட்டால் ப்ராசசருக்கும் ரேமுக்கும் இடையில் ஒரு பாதை, சோடியாகப் போட்டால் இரண்டு பாதை. தனிக் கார்ட் இல்லாமல் ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸில் விளையாடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அவர்களுடைய கிராபிக்ஸ் பாவிப்பதும் இதே ரேமைத்தான். அதே பக்கத்தில் ரேமின் வேகத்தையும் பாருங்கள். 3200 என்று பெட்டியில் எழுதியது உள்ளே 2133இலோ 2400இலோ ஓடிக்கொண்டிருக்கலாம். மதர்போர்டும் ப்ராசசரும் இடம் கொடுத்தால் பயோஸில் எக்ஸ்.எம்.பி.யை ஒருமுறை போட்டுவிட்டால் போதும். நான் இன்னொரு 8 ஜீ.பி. வாங்கினேன். புதுக் கார்டுக்குச் சொன்ன விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மிச்சம் இருந்த திக்கல் என்னுடைய கொம்பியூட்டரின் பிழையே இல்லை. அந்த அப்டேட்டோடு விட்சர் 3க்கு டைரக்ட்எக்ஸ் 12 வந்தது. அந்த முறையில் ஓட்டினால் விலை கூடிய கொம்பியூட்டர்களிலும் திக்குகிறது என்று அப்போதே பலர் எழுதியிருந்தார்கள். கேம் தொடங்கும்போது டைரக்ட்எக்ஸ் 11ஐத் தெரிவு செய்ய வழி இருந்தது. செய்தேன். புதிய ஒளிக்கதிர் வித்தைகள் போயின, எப்படியும் என்னுடைய கார்டுக்கு அவை ஏலாது. கோடு மட்டமானது.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது. ஒளி எங்கே எப்படி விழ வேண்டும் என்று கார்டுக்குச் சொல்லும் சின்னச் சின்னப் ப்ரோகிராம்களை ஷேடர் என்பார்கள். பிளேஸ்டேசனில் எல்லோரிடமும் இருப்பது ஒரே மாதிரியான கார்ட் என்பதால் அவற்றைச் செய்தவர்களே தயார் பண்ணி அனுப்பலாம். கொம்பியூட்டரில் ஆளுக்கொரு கார்ட், ஆளுக்கொரு ட்ரைவர் என்பதால் அந்த வேலை உங்கள் வீட்டில்தான் நடக்க வேண்டும். அதைத் தொடக்கத்திலேயே செய்யாமல், நீங்கள் கதவைத் திறக்கும் கணத்தில் செய்தால் படம் நிற்கும். 2022 டிசம்பரில் வந்த த கலிஸ்டோ ப்ரொட்டோகோல் இந்தத் திக்கலுக்கே பெயர் போனது. 2023 ஏப்ரலில் வந்த ஸ்டார் வோர்ஸ் ஜெடாய்: சர்வைவரும் உயர்ந்த கார்ட்களிலேயே திக்கியது. லட்சக்கணக்கில் போட்டு வாங்கியவரும் நானும் ஒரே கதவடியில் நின்றோம்.

இன்னொரு கதை. 2022 மார்ச்சில் ஏ.எம்.டி. நிறுவனம் ஒன்றை ஒத்துக்கொண்டது: ரைசன் ப்ராசசர் உள்ள சில கொம்பியூட்டர்களில் பாதுகாப்புக்காக இருக்கும் எஃப்.டி.பி.எம். என்ற அமைப்புத்தான் அவ்வப்போது திக்கலைத் தருகிறது, அதற்கு புதிய பயோஸ் வரும் என்று. கார்ட், ரேம், டிஸ்க் என்று எதை மாற்றியிருந்தாலும் அது போயிருக்காது.

கிராக் கேம் பற்றியும் சொல்ல வேண்டும், எங்களில் அதிகம் பேர் அதில்தான் தொடங்கினோம். 2021இல் அவாஸ்ட் நிறுவனம் க்ராக்கொனொஷ் என்ற ஒன்றைப் பற்றி எழுதியது. கிராக் செய்த கேம்களுக்குள் ஒளிந்து வந்து, அன்டிவைரஸை நிறுத்திவிட்டு, பின்னால் இருந்து மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டும். விளையாடாத நேரத்திலும் ப்ராசசர் வேலை செய்துகொண்டிருந்தால், ஃபேன் இரைந்துகொண்டிருந்தால், யாருக்கோ நீங்கள் கரண்ட் பில் கட்டுகிறீர்களா என்று பாருங்கள்.

சூட்டைப் பற்றி எங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சித்திரை மாதத்தில் ஓட்டுக்கூரைக்குக் கீழே, தகரப் பெட்டிக்குள் மூன்று வருடத் தூசியோடு இருக்கும் ப்ராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். கரண்டை நிற்பாட்டி, வயரைக் கழற்றி, பெயின்ட் பிரஸ்ஸால் துடையுங்கள். ஃபேனின் சிறகை விரலால் பிடித்துக்கொண்டு.

கடைக்கார அண்ணாவைக் கள்ளன் என்று நான் சொல்லவில்லை. அவர் இடத்தில் நின்று பார்த்தால், ஒரு மணித்தியாலம் இருந்து கோட்டைப் பார்த்து "உங்கட கார்ட் நல்லம், குரோமை மூடுங்கோ" என்று சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும்? பார்த்துச் சொல்வதற்குக் காசு கொடுக்க நாங்கள் பழகவில்லை. சாமான் வாங்கினால்தான் காசு. அப்போது அவர் சாமானைத்தான் விற்பார். பார்த்துச் சொல்ல ஆயிரம் ரூபா என்று ஒரு கடை போர்ட் போட்டால் நான் முதல் ஆளாகப் போவேன். அதுவரைக்கும் கடைக்குப் போகும்போது கோட்டைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். நான் இரண்டாந்தரம் அப்படித்தான் ரேம் வாங்கப் போனேன். வீடியோவைப் பார்த்துவிட்டு அவர் என்னோடுதான் கதைத்தார். தம்பி வெளியில் நின்று ஐஸ்கிரீம் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று அவர் கேட்டதையும் எழுதத்தான் வேண்டும். பாராட்டாகத்தான் கேட்டார். நான் சிரித்துவிட்டு மிச்சக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு வந்தேன்.

போன கிழமை சின்னம்மாவின் மகன் திரும்பவும் எடுத்தான்.

"அக்கா, புதுக் கேம் ஒண்டு. கதவு திறக்கேக்க ஒருக்காத் திக்குது. ஆனா திரும்ப அதே இடத்தால போகேக்க திக்கேல்ல. கார்ட் அந்த நேரம் 30க்கு விழுது."

"ஷேடர். கார்டை மாத்தாத."

"ஓம், எனக்கும் அப்பிடித்தான் பட்டது," என்றுவிட்டு வைத்துவிட்டான்.