நேர்மையான ஆளுக்கு அங்கே என்ன வேலை?

“கன் ஷோவுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க. கடையைவிட நூறு டாலர் கம்மியா கிடைக்கும்.” டெக்சாஸில் வீடு வாங்கிய தமிழர்களின் சனிக்கிழமை விருந்துகளில், பிரியாணி முடிந்து பாயசம் வருவதற்குள், யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கூப்பன் சேர்ப்பது மாதிரி, எங்கே டயர் மலிவு என்று சொல்வது மாதிரி, அக்கறையில்தான் சொல்கிறார்கள். நானும் நம்பி மூன்று முறை போனேன். மூன்றாவது முறை ஒரு நண்பனையும் கூட்டிக்கொண்டு போனேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த மூன்றாவது முறைதான்.

ஒரு ஆள் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்ற பெரிய வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை. என் கேள்வி சின்னது. வாங்குவது என்று முடிவுசெய்துவிட்ட, சட்டத்துக்குப் பயந்து நடக்கிற ஒருவருக்குக் கன் ஷோவால் ஏதாவது லாபம் உண்டா? இல்லை. அவருக்கு அங்கே கிடைக்கிற எல்லாமே வெளியே இதைவிட நன்றாகக் கிடைக்கும். அங்கே மட்டுமே எளிதாகக் கிடைக்கிற பொருள் ஒன்று உண்டு. அது அவருக்குத் தேவையே இல்லை.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வார இறுதியில், கண்காட்சித் திடலிலோ மாநாட்டுக் கூடத்திலோ நடக்கும். வாசலில் நுழைவுக் கட்டணம், பத்து முதல் இருபது டாலர். நீங்கள் துப்பாக்கி கொண்டுவந்திருந்தால் அதில் தோட்டா இல்லை என்று பார்த்து, பிளாஸ்டிக் பட்டையால் விசையை இயங்காதபடி கட்டிவிடுவார்கள். உள்ளே வரிசை வரிசையாக மேசைகள். ஓக்லஹோமாவின் துல்சாவில் ஏப்ரலிலும் நவம்பரிலும் நடக்கும் கண்காட்சியில் மட்டும் மேசைகள் நாலாயிரத்துக்கு மேல். கைத்துப்பாக்கி, ரைஃபிள், தோட்டாப் பெட்டி, கத்தி, பழைய நாணயம், உப்புக்கண்டம் போட்ட மாட்டிறைச்சி, சில மேசைகளில் நாஜி பதக்கங்கள்கூட. நடுவே, தோளில் ரைஃபிளைத் தொங்கவிட்டு, அதன் குழாயில் விலை எழுதிய காகிதத்தைச் சொருகிக்கொண்டு நடக்கும் ஆட்கள். இவர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த நூறு டாலர் கதை. புதுத் துப்பாக்கியில் வியாபாரிக்கு நிற்கிற லாபம் குறைவு. அதிலிருந்துதான் அவர் மேசை வாடகை கொடுக்கிறார், வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறார், இரண்டு நாள் ஆள் நிறுத்துகிறார். இதற்கு மேல் உங்களுக்கு நூறு டாலரை எங்கிருந்து குறைப்பார்? இணையத்தில் பத்துக் கடை விலையை ஒப்பிட்டு ஆர்டர் செய்தால், துப்பாக்கி உங்கள் ஊரில் உரிமம் பெற்ற கடைக்கு வந்து சேரும். கடைக்காரர் இருபத்தைந்தோ ஐம்பதோ டாலர் வாங்கிக்கொண்டு, படிவத்தை நிரப்ப வைத்து, சோதனை முடிந்ததும் கையில் கொடுப்பார். நான் போன மூன்று முறையும் கையில் போனை வைத்துக்கொண்டு மேசை மேசையாக ஒப்பிட்டேன். நுழைவுக் கட்டணத்தையும் பார்க்கிங்கையும் சேர்த்தால், ஒரு தடவைகூட கன் ஷோ ஜெயிக்கவில்லை.

“சரி, கையில எடுத்துப் பாக்கலாம்ல?” எடுத்துப் பார்க்கலாம், ஆனால் சுட முடியாது. செருப்புக் கடையில் செருப்பைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குவது போன்றது இது. சுடுதளம் வைத்திருக்கிற கடைக்குப் போனால், சின்ன வாடகைக்கு நான்கைந்து மாதிரிகளைச் சுட்டே பார்க்கலாம். கைக்கு எது அடங்கும், எது எகிறும், உங்கள் மனைவியால் எதன் மேல்பகுதியை இழுக்க முடியும் என்பதெல்லாம் பத்துத் தோட்டாக்களில் தெரிந்துவிடும். கூடவே சொல்லித்தர ஒருவர் நிற்பார். கன் ஷோவில் மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு உங்களுக்குப் பின்னால் இருபது பேர் காத்திருப்பது மட்டும்தான் தெரியும்.

விலை உண்மையிலேயே குறைகிற இடம் ஒன்று உண்டு. அது தோளில் தொங்கவிட்டு நடக்கிறவர்களிடம். பழைய சரக்கு, கைக்குக் கை. ரசீது கிடையாது, திருப்பிக் கொடுக்க முடியாது, பழுதென்றால் தேடிப்போக முகவரியும் கிடையாது. இன்னொன்றும் உண்டு. திருட்டுப்போன துப்பாக்கிகளின் தேசியப் பதிவேடு பொதுமக்களுக்குத் திறக்காது. நீங்கள் வாங்கப்போகிற துப்பாக்கியின் வரிசை எண் அதில் இருக்கிறதா என்று பார்க்க உங்களுக்கு வழியில்லை.

பயம் ஏறும்போது விலையும் ஏறும். 2012 டிசம்பரில் சாண்டி ஹுக் பள்ளியில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு, தடை வரப்போகிறது என்று நாடு முழுக்க ஒரு வதந்தி. 2013-இல் சாதாரண .22 தோட்டாகூடக் கடைகளில் கிடைக்கவில்லை. அந்தத் தட்டுப்பாட்டில் கடையில் வாங்கிவந்து கன் ஷோ மேசையில் மூன்று மடங்குக்கு விற்றவர்களைப் பற்றித் துப்பாக்கி ஆர்வலர்களே இன்றும் கெட்ட வார்த்தையில் பேசுவார்கள். பேரம் பேசலாம் என்று போனவர்கள் பயத்தை விலைக்கு வாங்கி வந்தார்கள்.

அப்படியானால் கடையில் இல்லாத எது அங்கே இருக்கிறது? கொஞ்சம் சட்டம் பேசவேண்டியிருக்கிறது. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கி வியாபாரிக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 1986-இல் வந்த சட்டம், உரிமம் பெற்ற வியாபாரி தன் மாநிலத்துக்குள் கன் ஷோவிலும் விற்கலாம் என்றது. 1993-இல் பிரேடி சட்டம், 1998 நவம்பரில் எஃப்பிஐயின் உடனடிச் சோதனை முறை. இன்று வியாபாரி கடையில் விற்றாலும் கன் ஷோவில் விற்றாலும் 4473 படிவமும் பின்னணிச் சோதனையும் உண்டு. இதில் மாற்றமில்லை. ஆனால் வியாபாரத்தைத் தொழிலாகச் செய்யாத தனியாள் தன் மாநிலத்தவருக்கு விற்றால், கூட்டரசுச் சட்டப்படி படிவமும் வேண்டாம், சோதனையும் வேண்டாம். வாங்குபவர் தடைசெய்யப்பட்டவர் என்று தெரிந்தோ, சந்தேகிக்கக் காரணம் இருந்தோ விற்காமல் இருந்தால் போதும். கலிபோர்னியா, கொலராடோ போன்ற மாநிலங்கள் இந்த வழியை அடைத்துவிட்டன. டெக்சாஸ் அடைக்கவில்லை.

இனி அந்த மூன்றாவது முறை. 2023. எங்கள் பகுதியில், இந்தியர் வீட்டில் தங்கம் இருக்கும் என்று தெரிந்தே இரண்டு வீடுகளில் புகுந்திருந்தார்கள். இரண்டாவது வீடு நண்பனுடைய தெருவில். அவன் எச்-1பி விசாவில் இருந்தான். குழந்தைக்கு ஒரு வயது. “டேய், சும்மா பாத்துட்டு வரலாம்டா” என்று கூப்பிட்டது நான். உள்ளே ஒரு பெரியவர், தாத்தா மாதிரி முகம், பழைய ரிவால்வர் ஒன்றை நானூறு டாலருக்கு வைத்திருந்தார். நன்றாகப் பேசினார். குழந்தையைப் பற்றி விசாரித்தார். “டெக்சாஸ்காரன்தானே?” என்று கேட்டு ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்தார். அவ்வளவுதான் சோதனை. விசாக்காரனிடமும் ஓட்டுநர் உரிமம் இருக்குமே! ரொக்கம் மட்டும் என்றார். கூடத்தின் ஏடிஎம்மில் பணம் தீர்ந்திருந்தது. வெளியே போய் எடுத்து வருவதற்குள் ரிவால்வர் போய்விட்டது. வருத்தத்தோடு வீடு திரும்பினோம்.

இரண்டு வாரம் கழித்து, சுடுதளத்தோடு இருந்த ஒரு கடையில்தான் தெரிந்தது. படிவத்தில் குடியுரிமை பற்றிய கேள்விக்கு அவன் பதில் எழுதியதும் கடைக்காரர் பேனாவை வைத்துவிட்டார். எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் போன்ற ஒருசில விலக்குகள் இல்லாமல், அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குவது மட்டுமல்ல, வைத்திருப்பதே குற்றம். 2022 ஜூனில் வந்த சட்டத்துக்குப் பிறகு அதற்கு அதிகபட்சத் தண்டனை பதினைந்து ஆண்டுகள். அதற்குப் பிறகு விசா என்ன ஆகும், கிரீன் கார்டு வரிசை என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. அந்தத் தாத்தா மீது குற்றமில்லை, அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. கடையில் எங்களைக் காப்பாற்றியது ஒரு படிவம். கன் ஷோவில் காப்பாற்றியது பணம் தீர்ந்த ஒரு இயந்திரம்.

“படிவம் இல்லாதது வாங்குறவனுக்குச் சுதந்திரம்” என்று வாதிடுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்லவேண்டியிருக்கிறது. சோதனையில் தேறுகிற ஆளுக்குப் படிவம் பெரும்பாலும் சில நிமிட வேலை. அது இல்லாததால் அவருக்கு மிச்சமாவது அந்தச் சில நிமிடங்கள்தான். தேறாத ஆளுக்கோ, படிவம் இல்லாததுதான் மொத்தச் சரக்கும். என் நண்பனைப் போல தான் தேறமாட்டோம் என்று தெரியாத மூன்றாவது வகை ஆளுக்கு அது ஒரு பொறி.

நம்மவர்கள் “அது நம்ம ஊர் சந்தை மாதிரிதாங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இல்லைங்க. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசினாலும், நடுவில் தரகர் இருப்பார். மாடு முட்டினால், பால் வற்றினால், அடுத்த வாரம் அவர் சட்டையைப் பிடிக்கலாம். சந்தையின் பலமே ஆளுக்கு ஆள் தெரியும் என்பதுதான். அந்தத் தாத்தாவின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

எதிர்வாதங்களில் இரண்டுக்கு மதிப்புண்டு. முதலாவது, சேகரிப்பாளர்கள். இரண்டாம் உலகப் போரின் எம்1 காரண்டையோ, பழைய வின்செஸ்டரின் கிடைக்காத உதிரிப்பாகத்தையோ தேடுபவருக்கு அந்த மேசைகள் சொர்க்கம். பின்னால் உட்கார்ந்திருக்கும் கிழவர்களின் அறிவு எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒப்புக்கொள்கிறேன். அவர் போகட்டும். ஆனால் வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி தேடி வரும் நீங்களும் நானும் அவர் அல்ல.

இரண்டாவது வாதம் வலுவானது. 2016-இல் அமெரிக்கச் சிறைக் கைதிகளிடம் அரசே நடத்திய கணக்கெடுப்பில், குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தவர்களில் அதைக் கன் ஷோவில் வாங்கியவர்கள் 0.8 சதவீதம்தான். தெருவிலும் கள்ளச் சந்தையிலும் வாங்கியவர்கள் 43 சதவீதம். “பாத்தீங்களா, கன் ஷோ மேல வீண் பழி” என்பார்கள். எண் சரி. ஆனால் அது கடைசிக் கையைத்தான் கேட்கிறது. தெருவுக்கு அது எங்கிருந்து வந்தது? 1996 முதல் 1998 வரை ஏடிஎஃப் விசாரித்த 1,530 துப்பாக்கிக் கடத்தல் வழக்குகளை ஆராய்ந்த 2000-ஆம் ஆண்டு அறிக்கையில், கன் ஷோக்களோடு தொடர்புடையவையாக ஏறக்குறைய 26,000 துப்பாக்கிகள் வருகின்றன. குற்றவாளி கூடத்துக்குள் வரவேண்டியதில்லை. அவனுக்காக ஒருவர் வந்தால் போதும்.

கொலம்பைனில் வந்தது அப்படி ஒருவர்தான். 1999 ஏப்ரலில் பன்னிரண்டு மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்ற இரண்டு பையன்களும் பதினெட்டு வயதைத் தொடாதபோது, அவர்களுக்குப் பதினெட்டு வயதான தோழி ஒருத்தி இருந்தாள். மூவரும் கன் ஷோவுக்குப் போனார்கள். விற்பவர் தனியாளா, உரிமக்காரரா என்று பையன்கள் கேட்டுக் கேட்டு, தனியாட்களிடம் மட்டும் நின்றார்கள். பயன்படுத்தப்பட்ட நான்கு துப்பாக்கிகளில் மூன்றை அவள் வாங்கிக்கொடுத்தாள். சோதனை இருந்திருந்தால் வாங்கியிருக்கமாட்டேன் என்று அவளே பின்னர் கொலராடோ சட்டமன்றக் குழுவிடம் சாட்சி சொன்னாள். 2000 நவம்பரில் அந்த மாநில மக்கள் கன் ஷோவில் எல்லா விற்பனைக்கும் சோதனை வேண்டும் என்று பெரும்பான்மையாக வாக்களித்தார்கள். அதன் பிறகும் கொலராடோவில் கன் ஷோ நடக்கிறது. படிவம் வந்ததால் அந்தக் கிழவர்களும் உப்புக்கண்டமும் காணாமல் போய்விடவில்லை.

அதனால்தான், “சும்மா பாத்துட்டு வரலாம்” என்பதையும் நான் இப்போது சும்மா எடுத்துக்கொள்வதில்லை. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வரும் நாம்தான் அந்தக் கூடத்தைக் குடும்பம் போகிற இடமாக்குகிறோம். நம் நுழைவுக் கட்டணத்தில்தான் அது வாடகை கட்டுகிறது. நமக்கு அங்கே மலிவு இல்லை, சுட்டுப் பார்க்க வழியில்லை, பாதுகாப்பும் இல்லை. நம் கூட்டத்துக்கு நடுவே யாரும் தன்னை எதுவும் கேட்கமாட்டார்கள் என்ற ஒன்றுக்காகவே வந்திருப்பவர் மட்டும் கொடுத்த காசுக்கு முழுப் பலனோடு வெளியே போகிறார்.

வாங்கத்தான் வேண்டுமென்றால் கடைக்குப் போங்கள். சுட்டுப் பாருங்கள். படிவத்தின் ஒவ்வொரு வரியையும் படித்து நிரப்புங்கள். விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியைத் தொடும் முன்பே ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். என் நண்பன் கடைசியில் நகையை வங்கி லாக்கரில் வைத்தான், வாசலில் கேமரா பொருத்தினான். ஆன செலவு அந்த ரிவால்வரின் விலையில் பாதிகூட இல்லை. போன மாதம் ஒரு விருந்தில் புதிதாக வந்த தம்பி ஒருவரிடம் யாரோ அதே நூறு டாலர் கதையை ஆரம்பித்தார்கள். பாயசக் கிண்ணத்தை வைத்துவிட்டு, “தம்பி, உங்களுக்கு என்ன விசா?” என்று முதலில் கேட்டது நண்பன்தான்.