பூங்காவினுள் வனாந்தரம்

தோட்டத்துக்கு வேலியிட்டுவிட்டால் அதனுள் உள்ளவையெல்லாம் காக்கப்பட்டுவிட்டன என்று எண்ணுதல் மக்கள் இயல்பு. வெளியேயிருந்து வரும் மாட்டை வேலி தடுக்கும்; உள்ளே நின்று வெட்டும் தோட்டக்காரனைத் தடுக்குமோ? ஐக்கிய அமெரிக்க நாடுகளின் தேசீயப் பூங்காக்களைப் பற்றிச் சிந்திக்குங்கால் இவ்வினாவே நம் முன் எழுகின்றது. பூங்கா என்று பெயரிடுதல் மட்டும் போதாது. அதனுள் எப்பகுதி என்றும் வனாந்தரமாகவே இருத்தல் வேண்டும் என்பதைச் சட்டத்தால் வரையறுத்தலும் வேண்டும் என்பதே நமது கருத்து.

அந்நாட்டார் 1872-ஆம் ஆண்டில் எல்லோஸ்டோன் என்னும் பெருநிலத்தைத் தேசீயப் பூங்காவாக்கினர். அதன் பரப்பு சுமார் 22 லட்சம் ஏக்கர். பின்னர் 1916-இல் பூங்காக்களை ஆள்வதற்கென ஒரு துறையை நிறுவிய சட்டம் அத்துறைக்கு இரு கடமைகளை விதித்தது. இயற்கைக் காட்சிகளையும் விலங்குகளையும் பின்வரும் தலைமுறையாருக்குக் குறைவின்றி வைத்தல் ஒன்று. மக்கள் அவற்றைக் கண்டு களிக்கச் செய்தல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே நுகத்திற் பூட்டப்பட்டு வெவ்வேறு திசையில் இழுக்கும் காளைகள் போன்றன. களிப்பதற்கு வருவோருக்குச் சாலை வேண்டும். சாலை வந்தபின் விடுதி வேண்டும். விடுதி வந்தபின் கடை வேண்டும். 1956 முதல் பத்தாண்டுக் காலம் அத்துறையினரே பெருந்திட்டமொன்றை வகுத்துப் பூங்காக்களில் சாலைகளையும் கட்டடங்களையும் பெருக்கினர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

களிப்பின் பொருட்டேயன்றி நகரத்தின் தேவையின் பொருட்டும் பூங்கா குலைவதுண்டு. கலிபோர்னியாவிலுள்ள யோசெமிட்டி 1890-இல் பூங்காவாயிற்று. அதனுள் ஹெட்ச் ஹெட்சி என்றொரு பள்ளத்தாக்கு இருந்தது. சான்பிரான்சிஸ்கோ நகரத்தார் தம் குடிநீருக்காக அதனைக் கேட்டனர். இயற்கையன்பராகிய ஜான் மியூர் பல்லாண்டுகள் எதிர்த்து வாதாடினார். எனினும் 1913-இல் காங்கிரஸ் மகாசபை இசைவளித்தது. 1923-இல் அணை எழுந்தது. பள்ளத்தாக்கு நீரில் ஆழ்ந்தது. நகரத்தாரின் தாகம் பொய்யன்று. ஆயினும் பூங்கா என்ற பெயர் அப்பள்ளத்தாக்கினைக் காக்கவில்லை என்பதும் பொய்யன்று.

இக்குறையை நீக்க எழுந்ததே 1964-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் ஜனாதிபதி ஜான்சன் கையொப்பமிட்ட வனாந்தரச் சட்டம். அதனை எழுதி, எட்டாண்டுகள் மகாசபையின் வாயிலில் நின்று போராடிய ஹாவர்ட் ஜானிசர் என்பார், அது நிறைவேறுமுன் அவ்வாண்டு மே மாதத்தில் மறைந்தார். முதல் நாளில் அச்சட்டத்தின் காப்பைப் பெற்ற சுமார் 91 லட்சம் ஏக்கரும் தேசீயக் காடுகளைச் சார்ந்தவை; பூங்கா நிலம் ஓர் ஏக்கரும் அதில் இல்லை. பூங்காக்களிற் சாலையற்று 5,000 ஏக்கருக்குக் குறையாமற் கிடக்கும் நிலங்களையெல்லாம் பத்தாண்டுகளுக்குள் ஆராய்ந்து, தக்கவற்றைப் பரிந்துரைக்குமாறு சட்டம் பணித்தது. முடிவு செய்யும் அதிகாரமோ மகாசபைக்கே உரியது. அவ்வாறு வகுக்கப்பட்ட நிலத்தில் நிலையான சாலை போடலாகாது, மோட்டார் வண்டி செல்லலாகாது, விமானம் இறங்கலாகாது. மக்களின் உயிர் காத்தல் முதலிய இன்றியமையாத நிலைகளுக்கு மட்டும் விலக்குண்டு.

1970-இல்தான் பூங்காத் துறையின் நிலங்கள் இரண்டு முதன்முதலாக இவ்வாறு வகுக்கப்பட்டன. 1984-இல் யோசெமிட்டியின் நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வனாந்தரமாயிற்று. ஆனால் யாவற்றினும் மூத்த எல்லோஸ்டோனின் நிலை யாது? 1972-இல் அதன் பரப்பில் சுமார் 20 லட்சம் ஏக்கர் வனாந்தரத்துக்குத் தக்கதெனப் பரிந்துரைக்கப்பட்டது. 50 ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் மகாசபை முடிவு கூறவில்லை. பூங்காத் துறையினர் தம் கொள்கையாக அந்நிலத்தை வனாந்தரம் போலவே காத்து வருகின்றனர், அது பாராட்டுக்குரியது. எனினும் அதிகாரியின் நற்குணத்தால் நிற்பது, அதிகாரி மாறினால் மாறக்கூடும். சட்டத்தால் நிற்பதை மாற்றவேண்டுமாயின், மகாசபையில் யாவரும் அறிய வாதாடியே மாற்றுதல் வேண்டும்.

இதற்கு மறுப்புக் கூறுவோர் உளர். முதியோரையும் உடல் குன்றியோரையும் இச்சட்டம் வெளியே நிறுத்துகின்றது என்பர். சக்கர நாற்காலியை வனாந்தரத்தில் தடுத்தலாகாது என்று 1990-இல் இயற்றப்பட்ட சட்டமே தெளிவுபடுத்தியுள்ளது. மேலும் எல்லோஸ்டோனில் இன்றுள்ள சாலைகளை அழிக்கவேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. வெந்நீர் ஊற்றுகளை வண்டியிற் சென்று காண்போர் என்றும் காணலாம்.

இரண்டாம் மறுப்பு கனமானது. மனிதன் வந்து போகும் விருந்தினனாக மட்டும் இருக்கும் நிலமே வனாந்தரம் என்று சட்டம் கருதுகின்றது. அந்நிலங்களோ பழங்குடிகளின் இல்லமாக இருந்தவை. 1851-இல் ஆயுதந்தாங்கிய படையினர் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிற் புகுந்து, அங்கு வாழ்ந்த ஆவனீச்சி மக்களைத் துரத்தினர். இதனை மறைத்து, ஆளே இல்லாத காடு என்று புகழ்தல் அறமன்று. ஆயின் இதற்கு மருந்து எல்லைக்கோட்டை அழித்தலன்று. அதனை நீதியாக வரைதலேயாம். 1980-ஆம் ஆண்டின் அலாஸ்காச் சட்டம் சுமார் 5 கோடியே 60 லட்சம் ஏக்கரை வனாந்தரமாக்கியபோது, அவ்விடத்துக் கிராமத்தார் தம் பிழைப்புக்காக வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் இடங்கொடுத்தது. வனத்தைக் காத்தலும் மக்களைக் காத்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இது சான்று.

சாலையின்றி விட்ட நிலத்தில் நாளை சாலை போட வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம். போட்ட சாலையை எடுத்துவிட்டு முன்னிருந்த காட்டினை மீண்டும் படைத்தல் நம்மால் இயலாது. ஆதலின் ஐயம் நேருமிடத்துக் காட்டின் பக்கம் சாய்வதே விவேகம். எல்லோஸ்டோனைப் பூங்காவாக்கிய தலைமுறை தன் பங்கைச் செய்தது. அதனுள் வனாந்தரம் எது என்று பரிந்துரைத்த தலைமுறையும் தன் பங்கைச் செய்தது. முடிவு கூறும் கடமை ஒன்றே எஞ்சியிருக்கின்றது. அதனை அம்மகாசபை இனியும் தள்ளிவைத்தல் தகாது என்பது நமது துணிபு.